மூன்று மணி நேர மயக்கம்

அத்தியாயம் 7

இறால் குஞ்சுகளைப் புதைத்த குழிக்கு மேல் சுண்ணாம்பு தூவியிருந்தார்கள். அப்படியும் நாறியது. அன்பரசி குழியோரம் நின்று பார்த்தாள். ஐந்து நாளைக்கு முன்னால் அத்தனையும் நீந்திக்கொண்டிருந்தவை. அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டபிறகு கன்னத்தைத் தொட்டால் யாருடைய கன்னமோ என்றிருக்கும் இல்லையா, அப்படி இருந்தது. கொஞ்ச காலமாகவே அவளுக்கு எல்லாம் அப்படித்தான்.

"இன்னா மேடம், மூக்கை ஆபீஸ்லயே கயட்டி வச்சிட்டு வந்துட்டியா?" என்றார் ஜெபசிங், கைக்குட்டைக்குள்ளிருந்து.

ஜெபசிங்குக்கு நாற்பத்தாறு வயது. மின்சார வாரியத்தில் ஒப்பந்த லைன்மேனாக இருந்து, கம்பத்திலிருந்து விழுந்து, வலது காலை லேசாக இழுத்து நடப்பவர்; இப்போது அன்பரசிக்குத் துணையாள். 'மேடம்' என்று கூப்பிடுவார். அடுத்த வார்த்தையே 'நீ' என்று வரும். அன்பரசி இருபத்தொன்பது. செங்கல்பட்டில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒற்றை அறை ஆபீஸ். 'கருவிப் பிழை விசாரணை' என்று போர்டு. லிஃப்ட் அறுந்தாலும், எடை மேடை தப்பாகக் காட்டினாலும், மெஷின் தப்பா மனுஷன் தப்பா என்று கேட்டு வருவார்கள். பெரும்பாலும் மனுஷன் தப்பு என்று எழுதித் தரச் சொல்லித்தான் வருவார்கள். மெஷினுக்கு வேலை போகாது, பாருங்கள்.

இன்றைக்குக் கூப்பிட்டவர் பட்டாபி. நெம்மேலிக்குத் தெற்கே, ஈசிஆரிலிருந்து கடல் பக்கம் இறங்கும் மண் ரோட்டில் அவருடைய ஹேச்சரி. இறால் முட்டையைப் பொரித்து, குஞ்சு வளர்த்து, பண்ணைக்காரர்களுக்கு விற்கிற இடம். இரண்டு ஷெட். முதல் ஷெட்டில் இருந்தவை எல்லாம் இப்போது சுண்ணாம்புக்குக் கீழே.

"பாருங்கம்மா," என்றார் பட்டாபி, கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து. "எனக்கு ஒரு பக்கம் போதும். மிஷின் நல்லா இருக்கு, ஆபரேட்டர் கவனிக்கல. அஞ்சு மணிக்கு ஸ்டேஷனுக்கு வரேன்னு இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லிட்டேன். புகார் டைப் அடிச்சு ரெடி. உங்க ரிப்போர்ட்டைப் பின் பண்ணிட்டா முடிஞ்சுது."

"என்ன எழுதணும்னு நீங்களே சொல்றீங்க. அப்புறம் நான் எதுக்கு சார்?"

"கையெழுத்துக்குத்தான்," என்றார் பட்டாபி. ஒளிக்கத் தெரியாத மனிதர்.

புகாரில் ஒரே பெயர். வேண்டா, வயது முப்பத்தெட்டு, பேனல் ஆபரேட்டர். போன வியாழக்கிழமை மத்தியானம் ஷெட்டைப் பார்க்காமல் தூங்கிவிட்டு, பொய்யாக ரீடிங் எழுதி முதலாளியை ஏமாற்றினாள் என்று எழுதியிருந்தது. கேஸ் பதிவானால் உள்ளே போவாள். போகாமல் தப்பித்தாலும், கோவளம் முதல் மரக்காணம் வரை எந்த ஹேச்சரிக்காரனும் அவளை வாசலில் நிற்க விடமாட்டான்.

மணி இரண்டரை.

"பொய்னு எதை வச்சு சொல்றீங்க?"

பட்டாபி ரெஜிஸ்டரைத் திருப்பிக் காட்டினார். தண்ணீரில் கரைந்திருக்கும் காற்றின் அளவை அரை மணிக்கு ஒருமுறை திரையைப் பார்த்து எழுத வேண்டும். வியாழன், ஒரு மணி: 5.2. ஒன்றரை: 5.2. இரண்டு: 5.2. அப்படியே நாலு மணி வரைக்கும். ஏழு தடவை 5.2. குண்டு குண்டான கையெழுத்து.

"குருட்டுக் காப்பி! ஒரு தடவை எழுதிட்டு ஆறு தடவை பார்த்து எழுதியிருக்கா. பார்த்தாலே தெரியல?"

அன்பரசி முந்தின நாள் பக்கத்தைப் புரட்டினாள். 5.1, 5.3, 5.2, 5.0. அதற்கு முந்தின நாளும் அப்படித்தான்.

"சார், நான் படிச்சது மதுராந்தகம் தாண்டி ஒரு இன்ஜினியரிங் காலேஜ். எங்க வீட்டுல காலேஜ் வாசலை மிதிச்ச முதல் ஆளு நான். லேப்ல பத்து மிஷின் இருந்தா எட்டு ஓடாது. ஓடாத மிஷினுக்கு நாலு வருஷம் ரீடிங் எழுதினவ நான். பொய் ரீடிங் எப்படி இருக்கும்னு என்னைக் கேளுங்க."

"எப்படி இருக்கும்?"

"அழகா இருக்கும். 5.2, 5.1, 5.3, மறுபடி 5.2. கொஞ்சம் ஏத்தி, கொஞ்சம் இறக்கி. ஒரே நம்பரை ஏழு தடவை எழுதிட்டுப் போனா வாத்தியார் ரெக்கார்டை மூஞ்சில வீசுவார். பொய் எழுதுறவளுக்கு மாட்டிப்போம்னு பயம் இருக்கும் சார், அதனால மாத்தி மாத்தி எழுதுவா. ஒரே நம்பரை ஏழு தடவை எழுதுற தைரியம், கண்ணால பார்த்தவளுக்குத்தான் வரும்."

பட்டாபி ரெஜிஸ்டரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அப்போ திரைதான் பொய் சொல்லுச்சா?"

"அதைத்தான் பார்க்கணும்."

வேண்டா வெளியே மோட்டார் ரூம் நிழலில் குந்தியிருந்தாள். ஐந்து நாளாக வந்து குந்துகிறாள். உள்ளே விடுவதில்லை, போ என்றும் சொல்வதில்லை. பக்கத்தில் டிபன் டப்பா மூடியபடி கிடந்தது. அவர்கள் வந்தபோது எழவில்லை. முகத்தில் அழுத தடம்கூட இல்லை.

"அன்னைக்கு என்ன ஆச்சு, சொல்லுங்கக்கா," என்றாள் அன்பரசி.

"பச்ச லைட்டு எரிஞ்சிது. 5.2ன்னு காமிச்சிது. 5.2ன்னு எய்தினேன்." குரல் பலகை மாதிரி இருந்தது. "வேற இன்னா எய்தணும்? நானே புதுசா ஒரு நம்பர் கண்டுபுடிக்கணுமா?"

"சந்தேகம் வரலையா?"

"மூணாவது வாட்டி வந்துச்சு. ஷெட்டாண்ட போயி பார்க்கலாம்னா, பேனலை வுட்டு எய்ந்தா வேலை காலின்னு ஓனரு ரூலு. மிஷின் கம்பெனிக்கு போன் அடிச்சேன். வாட்ச்மேன் எடுத்தான். எல்லாரும் முட்டுக்காட்ல போட்டிங் போயிகிறாங்க, நாளிக்கு அடின்னுட்டான்."

"இத ஓனராண்ட சொன்னியா?" என்றார் ஜெபசிங்.

"கேட்டாத்தானே சொல்றது."

அவள் மறுபடி தரையைப் பார்த்தாள். பேச்சு முடிந்தது.

அன்பரசி கண்ணாடி அறைக்குத் திரும்பி, முதல் ஷெட்டின் கன்ட்ரோலர் பெட்டியில் தன் லேப்டாப்பை மாட்டினாள். பெட்டி 'கடல்விழி கன்ட்ரோல்ஸ்' தயாரிப்பு. அந்தக் கம்பெனியில் அவள் நாலு வருஷம் குப்பை கொட்டியவள். ஒரு மீட்டிங்கில் எழுந்து நின்று மானேஜரை 'நீ' என்று கூப்பிட்ட அன்றைக்கு வெளியே வந்தாள். உள்ளே என்ன எங்கே இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

ஷெட்டுக்கு இரண்டு ப்ளோயர். தண்ணீருக்குள் காற்று ஊதுவது அவைதான். ஒன்று ஓடும்போது இன்னொன்று ஓய்வெடுக்கும். கால் மணிக்கொரு தரம் ஒன்றை நிறுத்தி மற்றதைக் கிளப்புவது பெட்டிக்குள் ஓடும் நிரலின், அதாவது ப்ரோக்ராமின் வேலை. செய்த ஒவ்வொரு வேலையையும் வரிசை எண் போட்டுக் குறித்து வைக்கும். அன்பரசி வியாழக்கிழமைக்குப் போனாள்.

4417. ஒன்றாம் ப்ளோயர் நிறுத்தம். 12.52.

4418. இரண்டாம் ப்ளோயர் ஓட்டம். 4.05.

"அடுத்தடுத்த வரி," என்றாள். "நடுவுல மூணே கால் மணி நேரம்."

"கரன்ட் போயிருக்கும்மா," என்றார் பட்டாபி. "கம்பெனியில கேட்டப்பவே அந்த ஜெயந்த் சொன்னான். கரன்ட் கட்டா இருக்கும், ஜெனரேட்டரை ஆன் பண்ணாம உங்க ஆபரேட்டர் தூங்கியிருப்பாங்கன்னு."

ஜெபசிங் சப்ஸ்டேஷனில் இருந்த பழைய கூட்டாளிக்குப் போன் போட்டார். "மச்சான், வியாயக்கெயம மத்தியானம் நெம்மேலி ஃபீடர்ல சட்டவுன் குட்தியா? ... இல்லியா? ... சத்தியமா? ... சரி சரி, பையன் காதுகுத்துக்கு வரேன், வையி." போனைப் பையில் போட்டார். "கரன்டு போவல. அன்னிக்கு நாள் பூரா அவன் டூட்டி. போயிருந்தா அவனுக்கு அம்பது போன் வந்திருக்கும், அம்மாவைத் திட்டி."

"கரன்ட் போகலைன்னு இந்தப் பெட்டியே சொல்லுது," என்றாள் அன்பரசி. "போயிருந்தா நிரல் செத்துப் பொறக்கும். செத்துப் பொறந்தா ஒண்ணுலேருந்து எண்ணும். இது 4417க்கு அப்புறம் 4418. விட்ட இடத்துலேருந்து எண்ணியிருக்கு. செத்தவன் அப்படி எண்ண மாட்டான், மயங்கினவன்தான் எண்ணுவான். நடுவுல மூணு மணி நேரம் போனதே இதுக்குத் தெரியாது."

"யாரோ மயக்க மருந்து குட்துகிறான்," என்றார் ஜெபசிங்.

"ஆமாண்ணே. அதுக்குப் பேரு டீபக்கர்."

பட்டாபி புரியாமல் பார்த்தார். அன்பரசி சுருக்கமாகச் சொன்னாள். டீபக்கர் என்பது இன்னொரு நிரல். ஓடிக்கொண்டிருக்கிற நிரலைப் பிழை பார்ப்பதற்காக வெளியிலிருந்து பிடிக்கும், நிறுத்தும், உள்ளே என்னென்ன எண் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்கும், பிறகு விடும். விட்டதும் பிடிபட்டது எதுவும் நடக்காதது மாதிரி ஓடும். நிரல் தானாக நின்றுபோனால் தட்டி எழுப்ப உள்ளேயே ஒரு காவலன் உண்டு; ஆனால் டீபக்கரைக் கண்டால் அவன் சல்யூட் அடித்துவிட்டு ஒதுங்குவான், முதலாளியைக் கண்ட வாட்ச்மேன் மாதிரி. நிரல் நிற்கும்போது திரையில் என்ன நம்பர் இருந்ததோ அது அப்படியே இருக்கும். எரிந்த விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்.

"5.2," என்றார் பட்டாபி மெதுவாக. "பச்சை லைட்டு."

"ஒரு ப்ளோயரை நிறுத்திட்டு அடுத்ததைப் போடப் போற நேரத்துல பிடிச்சிருக்காங்க. இந்தப் பெட்டியை வெளியிலிருந்து பிடிக்கிற வசதி கம்பெனிக்கு மட்டும்தான் உண்டு."

ஜெபசிங் அதற்குள் போனில் கம்பெனியின் பக்கத்தைத் திறந்திருந்தார். வியாழக்கிழமை போட்ட படம். முட்டுக்காடு படகுத்துறை, ஆரஞ்சு நிறத்தில் உயிர் காப்புச் சட்டை போட்ட பத்துப் பேர், எல்லாப் பல்லும் தெரிய.

"இதுல ஜெயந்த் எவன்?"

அன்பரசி விரலால் காட்டினாள்.

"பாரு மேடம், மத்தவன்லாம் ஜோடி போட்டு செல்ஃபி எட்துகினு கீறான். இவன் மட்டும் மடியில லேப்டாப்பைப் புள்ள கணக்கா வச்சிகினு கீறான்."

மணி மூன்று பத்து. "அஞ்சு மணி வரைக்கும் அந்தப் புகாரைத் தொடாதீங்க சார்," என்றாள் அன்பரசி.

"அஞ்சே அஞ்சு. ஆனா ஒண்ணும்மா, எனக்கு ஒரு ஆள் பேர் வேணும். என் சரக்கு மொத்தம் குழிக்குள்ள இருக்கு. காத்து மேலயும் கடல் மேலயும் நான் புகார் குடுக்க முடியாது."

முட்டுக்காட்டில் இருந்த கடல்விழி ஆபீசுக்குப் பைக்கை ஜெபசிங் ஓட்டினார். ஈசிஆர் வெயிலில் தார் மினுங்கியது.

ஜெயந்த் அவர்களை ஆபீசுக்குள் வரவிடவில்லை. எதிரே படகுத்துறை கேன்டீனுக்கு வந்தான். வெளுத்த முகம், கழுத்தில் அடையாள அட்டை. அன்பரசியோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவன். அவன் அப்பா, தாத்தா எல்லாரும் ஆபீஸ் பார்த்தவர்கள். அவன் யாரையும் 'நீ' என்று கூப்பிட்டதில்லை. அதனால் இப்போது டீம் லீட்.

"அன்பு! எப்படி இருக்க? ஆளே மாறிட்ட."

"வியாழக்கிழமை 12.52க்குப் பட்டாபி பெட்டியை எதுக்குப் பிடிச்ச?"

அவன் காப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தான். சர்க்கரை எப்போதோ கரைந்துவிட்டது.

"நான் எதையும் பிடிக்கல."

"அண்ணே, அந்தப் படத்தைக் காட்டுங்க."

ஜெபசிங் காட்டினார். "சட்டை உனுக்கு சூப்பரா கீது தம்பி."

ஜெயந்த் சுற்றுமுற்றும் பார்த்தான். "மானேஜர் அடுத்த படகுலேருந்து கத்தினார். பட்டாபி ரீடிங் கேக்குறார், பார்த்துச் சொல்லுன்னு. போன் சிக்னல்ல லேப்டாப்பை கனெக்ட் பண்ணி 'வியூ' அமுக்கினேன். வெறும் வியூ! ஸ்டாப் பட்டனைத் தொடவே இல்ல. அது ரெட் கலர்ல தனியா இருக்கு, சின்னப் பையன்கூட மாத்தி அமுக்க மாட்டான். பாதி நம்பர் வர்றதுக்குள்ள சிக்னல் போச்சு. மூடி வச்சுட்டேன். படகு, அப்புறம் சாப்பாடு. நாலு மணிக்குக் கரைக்கு வந்து லேப்டாப்பைத் திறந்து அந்த விண்டோவை க்ளோஸ் பண்ணேன். அவ்வளவுதான். பார்த்ததுக்கு ஒருத்தனைத் தூக்குல போடுவீங்களா?"

அவன் பொய் சொல்லவில்லை. அது அன்பரசிக்குத் தெரிந்தது. அப்படியானால் தப்பு எங்கே என்றும் தெரிந்தது. அதை அவள் பார்க்காதது மாதிரி இருந்தாள்.

"இரு தம்பி," என்றார் ஜெபசிங். "எங்க லைன்ல ஒரு பயக்கம் உண்டு. கம்பத்துல ஏறணும்னா முதல்ல சப்ஸ்டேஷன்ல எல்.சி. வாங்கணும். லைன் கிளியரு. நீ குட்த எல்.சி.ய நான் திருப்பிக் குட்தாத்தான் நீ கரன்டு வுடலாம். ஒரு தபா எங்க சின்ராசு எல்.சி.ய சட்டைப் பையில வச்சிகினு மாமியார் வூட்டுக்குப் பூட்டான். ஊரே இருட்டு. இவன் அங்க குந்திகினு கோயிக் கொயம்பு துண்றான். நீ பண்ணதும் அதானா?"

"அதேதான்," என்றாள் அன்பரசி. ஜெயந்த் சொல்வதற்குள் அவளே சொன்னாள். "வியூன்னு பேர்தான் வியூ. ஓடுற நிரலை அப்படியே பார்க்க முடியாது. பாதி எண் பழசும் பாதி எண் புதுசுமா வரும். அதனால வியூ அமுக்கினா, உள்ளுக்குள்ள முதல்ல நிறுத்தும். அறுபது எண்ணை ஒண்ணொண்ணா கேக்கும். அப்புறம் விடும். ஆபீஸ் மேஜையில கேபிள் போட்டு வச்சுப் பண்ணா கண் சிமிட்டுற நேரம். படகுல போன் சிக்னல்ல பண்ணா ஒவ்வொரு கேள்வியும் போய் வரணும். சிமிட்டல் அரை நிமிஷம் ஆகும். அந்த அரை நிமிஷத்துல சிக்னல் போச்சுன்னா..."

"'நில்லு'ன்றது போயி சேர்ந்துது, 'ஓடு'ன்றது போவல," என்றார் ஜெபசிங்.

"ஆமா. நாலு மணிக்கு விண்டோவை மூடினப்பதான் 'ஓடு' போய்ச் சேர்ந்துது."

"சரி. எல்.சி. குட்தா சுவிட்ச் மேல ஒரு போர்டு மாட்டுவோம். 'ஆள் வேலை செய்கிறார்'னு. படிக்கத் தெரியாதவன்கூட போர்டைப் பார்த்தா கைய வைக்க மாட்டான். இதுல போர்டு இல்லியா? ஒரு செவப்பு லைட்டு வச்சிருந்தா அந்தப் பொம்பள அப்பவே ஓடியிருக்குமே. எந்த அறிவு கெட்டவன் மேடம் இதை டிசைன் பண்ணான்?"

ஜெயந்த் முதல் தடவையாக நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"அவளையே கேளுங்க," என்றான்.

கேன்டீனில் யாரோ பில் கேட்டார்கள். கழிமுகத்தில் ஒரு மோட்டார் படகு வட்டமடித்தது. ஜெபசிங் அன்பரசியைப் பார்த்தார், வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஜெயந்த் லேப்டாப்பைத் திறந்து அவள் பக்கம் திருப்பினான். டீபக்கர் வடிவமைப்பு ஆவணம், ஆறு வருஷத்துக்கு முந்தியது. முப்பத்தோராம் பக்கம். கோவளத்தில் பெட்டி மாட்டப் போன ஒரு ஊழியர் கேட்டிருந்தார்: வெளியிலிருந்து பிடித்திருக்கும்போது பெட்டியில் ஒரு விளக்கு எரியும்படி செய்யலாமா? கீழே பதில். இங்கிலீஷில், ஒரு தப்பும் இல்லாத இங்கிலீஷில். அந்த இங்கிலீஷுக்காக அவள் எத்தனை நாள் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பழகியிருந்தாள். 'தேவையில்லை. இயக்குபவர்கள் இதை அறிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. வீண் தொலைபேசி அழைப்புகள் வரும்.'

அதற்குக் கீழே ஒரு பெயர்.

அதற்கு முன்னால் இரண்டு முறை அவள் செய்த வேலை ஜெயந்த் பெயரிலும் மானேஜர் பெயரிலும் போயிருந்தது. இந்த ஆவணத்தில் தன் பெயர் இருக்க வேண்டும், தன் பெயர் மட்டும்தான் இருக்க வேண்டும் என்று மூன்று வாரம் சண்டை போட்டாள். ஜெயித்தாள். படாளத்தில் கழனி வேலை செய்யும் முனியம்மாவின் மகள், அச்சான தன் பெயரை ஒரு பிரதி எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மாவிடம் காட்டினாள். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. இயக்குபவர்களை அறிய வேண்டிய அவசியம் இல்லாதவர்கள் என்று அதில் எழுதியிருந்ததும் அம்மாவுக்குத் தெரியாது.

கோபம் வரவேண்டிய இடம் இது. அவள் காத்திருந்தாள். வரவில்லை.

"வியாழக்கிழமை சர்வர் பதிவு வேணும்," என்றாள். "யார், எப்ப பிடிச்சாங்க, எப்ப விட்டாங்க."

தர மாட்டான் என்று நினைத்தாள். அவன் உடனே பிரிண்ட் எடுத்து வந்தான். முத்திரைகூட வைத்திருந்தான். தன்னோடு அவள் பெயரும் மாட்டும், அதனால் எழுத மாட்டாள் என்று நம்பித்தான் கொடுத்தான்.

"சிக்னல் ஃபெயிலியர்னு எழுதிடு அன்பு," என்றான் தாழ்ந்த குரலில். "உனக்கும் ஒண்ணும் ஆகாது, எனக்கும் ஒண்ணும் ஆகாது."

"வேண்டாவுக்கு?"

"யாரு?"

அன்பரசி எழுந்தாள். "பட்டாபிக்கு ஒரு ஆள் பேர் வேணுமாம். சிக்னலுக்கு அப்பா பேர், ஊர் பேர் கிடையாது. அப்ப டைப் அடிச்ச பேரே இருந்துடும்."

ரிப்போர்ட்டைக் கேன்டீன் மேஜையிலேயே தமிழில் எழுதினாள். ஒரு பக்கம்கூட வரவில்லை.

திரும்பியபோது மணி நாலே முக்கால். பட்டாபி சட்டை மாற்றி, புகாரைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கையில் வைத்திருந்தார். கண்ணாடி அறை வாசலில் வேண்டா நின்றாள். யாரோ வரச் சொல்லியிருக்க வேண்டும், ஸ்டேஷனுக்கு.

பட்டாபி ரிப்போர்ட்டை ஒரு முறை படித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை படித்தார்.

"'ஆபரேட்டர் எழுதிய ஏழு ரீடிங்கும் உண்மை. திரை நின்றிருந்தது. பார்வையிடும்போது நிரலை நிறுத்தும்படியும், தொடர்பு அறுந்தால் தானாக விடாதபடியும், அது ஆபரேட்டருக்குத் தெரியாதபடியும் டீபக்கரை வடிவமைத்தவர் மு. அன்பரசி.'" தலையைத் தூக்கினார். "இது யாரு?"

"நான்தான்."

"நீங்கன்னா?"

"நான்தான் சார். ஆறு வருஷத்துக்கு முன்னாடி. பிடிச்சவன் ஜெயந்த், அவன் பேரும் நேரமும் பின்னாடி பக்கத்துல இருக்கு. ஆனா அவன் பார்க்கிறோம்னு நெனச்சுத்தான் அமுக்கினான். அப்படி நெனைக்க வச்சது நான்."

"உங்களை நான்தானே கூப்பிட்டேன்?"

"சார்," என்றார் ஜெபசிங், சிரிக்காமல், "நம்ம ஆபீஸ்ல துப்பு தொலக்கினா குத்தவாளியும் சேர்த்தே டெலிவரி."

பட்டாபி உறையிலிருந்து புகாரை எடுத்தார். பேனாவைத் திறந்து, வேண்டா என்ற பெயரின் மேல் ஒரு கோடு போட்டார். போதாது என்று தோன்றியதோ என்னவோ, இன்னொரு கோடும் போட்டார். பேனாவைத் தூக்கியபடி அன்பரசியைப் பார்த்தார்.

"இனிஷியல் மு தானே?"

"மு. அம்மா பேரு. முனியம்மா."

எழுதினார். அடுத்த வரியில் கம்பெனியின் பெயரையும் எழுதினார்.

அன்பரசி வேண்டாவின் பக்கம் திரும்பினாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. வேண்டா அவளை மேலும் கீழும் பார்த்தாள், கடையில் வைத்திருக்கும் சாமானைப் பார்க்கிற மாதிரி.

"ரெண்டாவது ஷெட்ல கீற பொட்டி?" என்றாள்.

"அதுவும் அதேதான்."

"இப்ப அது முயிச்சிகினு கீதா, மயங்கிகினு கீதா?"

அன்பரசி பேனலைப் பார்த்தாள். பச்சை விளக்கு எரிந்தது. 5.4 என்று காட்டியது.

"தெரியல."

"நீதானே செஞ்ச?"

"ஆமா. இங்க நின்னு பார்த்தா தெரியாது. தெரியிற மாதிரி நான் செய்யல."

வேண்டா அதற்குமேல் நிற்கவில்லை. இரண்டாவது ஷெட்டை நோக்கி நடந்தாள், பிறகு ஓடினாள். அன்பரசி அவள் பின்னால் போனாள். ஷெட்டுக்குள் புழுக்கம், உப்பு வாசனை, வரிசையாகச் சிமெண்ட் தொட்டிகள். வேண்டா முதல் தொட்டியின் விளிம்பில் குனிந்து முழங்கை வரை கையை விட்டு, அடியில் காற்றுக் குழாய் இருக்கும் இடத்தைத் தேடினாள். கொஞ்ச நேரம் அசையவில்லை.

"ஓடுது," என்றாள். கையை எடுக்கவில்லை. "நீயும் வுடு."

அன்பரசி சட்டைக் கையை மடிக்கவில்லை. அப்படியே விட்டாள். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. அடியிலிருந்து பொடிப் பொடியாகக் குமிழ்கள் ஏறி வந்து உள்ளங்கையில் மோதி இரண்டு பக்கமும் வழிந்தன. விரலிடுக்கில் கண்ணுக்கே தெரியாத ஏதேதோ உரசிக்கொண்டு போயின.

"தெரியுதா?"

"தெரியுது."

"இந்தக் கரையில எத்தினி எடத்துல கீது உன் பொட்டி?"

"நாப்பத்தொண்ணு."

"அல்லாத்துலயும் என்னாட்டம் ஒருத்தி கண்ணாடி ரூமாண்ட குந்திகினு கீறா," என்றாள் வேண்டா. "போன் அடி."

வாசலில் பட்டாபி நின்றார். ஹேச்சரிக்காரர்கள் சங்கத்தில் அவர் செயலாளர். எல்லா நம்பரும் அவரிடம் உண்டு. தன் போனை நீட்டினார். அன்பரசி வலது கையைத் தண்ணீரிலிருந்து எடுக்காமல் இடது கையால் வாங்கி, முதல் பெயரை அமுக்கினாள். மரக்காணம். நாலு முறை மணி அடித்தபிறகு ஒரு பெண் எடுத்தாள்.

"ஓனர் இல்ல. யாரு பேசறது?"

"உங்களாண்டதான் பேசணும்," என்றாள் அன்பரசி. "பேனல் பாக்குறது நீங்கதானே? அந்த மிஷினைச் செஞ்சவ பேசறேன். திரையை நம்பாதீங்க. எய்ந்து போயி ஷெட்ல கைய வச்சிப் பாருங்க. நான் லைன்லயே இருக்கேன்."